கழற்ற ஏலாமல் போன கோட்

கோலியர்ஸ் வுட், லண்டன்
16.02.1992

என் பாசத்துக்குரிய இராஜேந்திரன் அண்ணைக்கு,

தங்கை சிவனேஸ்வரி எழுதுவது. கடவுள் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் உயிரோடும், தும்மலோடும் தடிமனோடும் இருக்கிறோம். கொழும்பில், வெள்ளவத்தையில் நீங்களும் மச்சாளும் தடிமன் இல்லாமல் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

மகன் குகதாசனுக்கு நீங்கள் பேசிய சம்பந்தம் என்ன ஆயிற்று என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டீர்கள். ஆயிற்று, அண்ணை. எல்லாம் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை உங்களோடு கந்தோரில் வேலை செய்த பழைய நண்பர் தியாகராஜா வீட்டுக்கு, லூயிஷாமுக்கு, பெண் பார்க்கப் போனோம். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க ஏலாது. குற்றம் பெண்ணில் இல்லை, மாப்பிள்ளையில் இல்லை, சாதகத்திலும் இல்லை. எல்லாம் ஒரு கோட்டால் வந்தது.

நான் இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து மழை. அடித்துப் பெய்துவிட்டு ஓய்கிற மழை இல்லை. நாள் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிற மழை. அதற்காக மகன் எனக்கு ஒரு கோட் வாங்கித் தந்தான். கருநீலம், முழங்கால் வரை நீளம், உள்ளே முழுக்க வாத்து இறகு. போட்டால் மெத்தைக்குள் புகுந்து நடப்பதுபோல இருக்கும். கையைத் தொங்கவிடவும் ஏலாது, கும்பிடவும் ஏலாது. அன்றைக்கு அதற்குள்ளே நான் கட்டியிருந்தது என் கலியாணத்துக்கு நீங்கள் எடுத்துத் தந்த மாம்பழ நிறக் காஞ்சிபுரம். நேரம் போகிறதென்று இவர் வாசலில் நின்று கத்த, நான் அவசரத்தில் ஸிப்பை இழுக்க, முந்தானை அதற்குள் அகப்பட்டது எனக்குத் தெரியாது. நிலத்துக்கடியில் ஓடுகிற ரியூப்பில் லண்டன் பிரிட்ஜ், அங்கிருந்து ரெயினில் லூயிஷாம், அதுவரைக்கும் தெரியாது.

தெரிந்தது தியாகராஜா வீட்டு வாசலில். எல்லோரும் கோட்டைக் கழற்றி மாட்ட, என்னுடைய ஸிப் நெஞ்சுக்கு நேரே நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. இவர் பிடித்து இழுக்க வந்தார். சம்பந்தி வீட்டு வாசலில் இதென்ன கூத்து என்று கையைத் தட்டிவிட்டேன். பெண்ணின் தாய் கல்யாணி கோட்டை வாங்கக் கையை நீட்டினார். "இருக்கட்டும், எனக்குக் கொஞ்சம் குளிருது" என்றேன். நான் சொன்னது அந்த ஒரு பொய்தான், அண்ணை. "ஐயோ, குளிருதோ!" என்று ஓடிப்போய் ஹீற்றரைக் கூட்டினார். அதோடு விட்டாரா? ஒரு போர்வையைக் கொண்டுவந்து மடியில் போட்டார். அதற்கு மேல் சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணி. தியாகராஜா மகளின் படிப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், என் குங்குமம் கரைந்து மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. குசினிக்குள் அடுப்படியில் நின்று கல்யாணி மெல்லச் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது: "கோட்டும் கழட்டாமல் இருக்கிறா. எங்கடை வீடு பிடிக்கேல்லைப் போல." உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால், ஒரு கோட்டைக் கழற்றத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்று மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை சந்திரவதனா வடைத் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கவேண்டியவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்ரி, ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ."

அறைக் கதவைச் சாத்திவிட்டு, "ஸிப் இறுகிட்டுதோ?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெழுகுதிரி தேய்த்தாள், கைகழுவுகிற சவர்க்காரம் தேய்த்தாள், அசையவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பிள்ளை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஒண்டை வெட்டத்தான் வேணும் அன்ரி. சேலையையோ, கோட்டையோ?"

"சேலை என்ரை அண்ணை தந்தது, பிள்ளை."

"அப்ப கோட்" என்று கழுத்திலிருந்து கீழே ஒரே வெட்டு.

உள்ளே இருந்த இறகு முழுக்கக் கிளம்பிவிட்டது. நாங்கள் வெளியே வந்தபோது கோழி உரித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தோம். கல்யாணி வாயில் கை வைத்தபடி நின்றார். இவர் "கடவுளே" என்றார். குகதாசன் சிரித்தான், அண்ணை! பெண் பார்க்கப் போன இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவனைப் பார்த்து அந்தப் பிள்ளையும் சிரித்தாள். பெரியவர்கள் நாலு பேரும் குனிந்து இறகு பொறுக்கினோம். சாதகம், நாள், நட்சத்திரம் ஒன்றும் பேசாமலே எழும்பிவிட்டோம். வெளியே மழை. தியாகராஜா தன்னுடைய மழைக்கோட்டை என்மேல் போர்த்து அனுப்பினார். ரெயினில் "பிள்ளை எப்பிடியடா?" என்று மகனைக் கேட்டேன். "உங்களுக்குக் குளிருதோ அம்மா?" என்றான். அவ்வளவுதான் பதில். ஒரு வாரமாக அங்கிருந்து ஒரு போனும் இல்லை.

சேலை தப்பியது. முந்தானையில் மட்டும் கடலையளவு ஓட்டை. மறைக்க மனமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பிள்ளை மருமகளாக வர நான்தான் கொடுத்துவைக்கவில்லை. ஆகவே அண்ணை, தங்கை நல்லவள், கோட் பழக்கமில்லாதவள் என்று தியாகராஜாவுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதி, இந்தப் பேச்சை மரியாதையாக முடித்துவிடுங்கள். குகதாசனுக்கு வெயில் அடிக்கிற தேசத்தில், அவுஸ்திரேலியா போன்ற இடத்தில், வேறு பெண் பாருங்கள். நானும் சித்திரைக்குள் கொழும்புக்கு வந்துவிடுகிறேன், விமான ரிக்கற் போடச் சொல்லி இவருக்கு எழுதுங்கள்.

மச்சாளுக்கு என் அன்பு. உங்கள் கையால் திருநீறு பூசிக்கொண்டதாக நினைத்து முடிக்கிறேன்.

தங்கை
சிவனேஸ்வரி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது. தியாகராஜாவின் கோட்டைக் கொடுத்துவிட்டு வரும்படி இன்று மகனை அனுப்பினேன். கோட்டோடே திரும்பி வந்தான். "குடுக்க மறந்துபோனன்" என்றான். கையில் இருந்ததை எப்படியடா மறப்பாய் என்று நான் பிடித்து விசாரித்த பிறகுதான் தெரிந்தது, போனவாரம் ஷிப்ட் என்று சொல்லிவிட்டுப் போன இரண்டு நாளும் லூயிஷாமுக்குத்தான் போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கல்யாணியே அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தார். "கோட் கிடக்கட்டும் அக்கா, நீங்கள் கலியாண நாளைப் பாருங்கோ" என்றார். ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யவேண்டாம். அவுஸ்திரேலியா வேண்டாம், ரிக்கற் வேண்டாம். ஐயரிடம் போய் நாள் மட்டும் பாருங்கள். ஒரேயொரு சிக்கல்தான். இந்த ஊரில் கோட் போடாமல் பட்டுச்சேலையோடு வெளியே போகக்கூடியது வருஷத்தில் நாலு வாரம்தானாம். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன், அது அச்சொட்டாக ஆடி மாதம். ஐயர் இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்டு உடனே எழுதுங்கள்.