மூக்குக்கண்ணாடிக்காரருக்கு உலகம் முடிந்த மத்தியானம்

முடிவுகாலக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்களும் நானும் காலையில் செய்தித்தாளை விரித்தால் என்ன நடந்தது என்று பார்ப்போம். இவர், நடக்க வேண்டியது ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்ப்பார். எங்கோ பூமி அதிர்ந்தால் தலையை ஆட்டிக்கொள்வார். எங்கோ இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கினால் இன்னும் பலமாக ஆட்டுவார். வெட்டுக்கிளி வந்தாலும் ஆட்டுவார். வராவிட்டால், "வரும்" என்று ஆட்டுவார். சண்டை மூண்டால் அது ஓர் அடையாளம், சமாதானம் ஆனால் அதைவிடப் பெரிய அடையாளம். இப்படிப்பட்டவரை எதைக் காட்டி மடக்குவது?

இவர்களை அழுமூஞ்சிகள் என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் அழியப்போகிறது என்று சொல்லும்போது இவர்கள் முகத்தில் பொங்கும் பூரிப்பை, முதல் பேரனைக் கையில் வாங்கியவர் முகத்தில்கூடப் பார்க்க முடியாது.

நம்முடைய ஆள் தொழிலால் மூக்குக்கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய கடை. கடைத்தெரு அவருக்கு வைத்திருந்த பெயர் 'எக்காளம்'. முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

கடைக்குள் உயரமான நாற்காலி ஒன்று. எதிர்ச்சுவரில், பெரிதாகத் தொடங்கிப் பொடியாகிக்கொண்டே போகும் எழுத்து அட்டை. அதற்கு ஒட்டினாற்போல், அதே நீளத்தில், ஒரு துணிப்படம்: வேதாகமப்படி, உலகம் தோன்றியதிலிருந்து கடைசி நியாயத்தீர்ப்பு வரைக்கும். ஏழு தலை மிருகம், பத்துக் கொம்பு, நான்கு நிறக் குதிரைகள், கோபக் கலசங்கள், அடியில் வெள்ளைச் சிங்காசனம். கண் பரிசோதிக்க வந்தவரை அந்த நாற்காலியில் ஏற்றி, மூக்கின் மேல் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் ஏதோ ஒரு கண்ணாடி வில்லையைச் செருகிவிட்டால், அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்கே ஓடுவார்?

"இப்ப தெளிவா தெரியுதா?"

"கொஞ்சம் மங்கலா இருக்குங்க."

"இன்னிக்கு உலகத்துக்கே அப்படித்தான் இருக்கு. சரி, இது?"

"இது பரவாயில்ல. ஆனா அந்தக் கடைசி வரியில ஏதோ கொம்பு மாதிரி தெரியுதே."

"நீங்க பக்கத்துப் படத்தப் பாக்குறீங்க. பாத்ததுதான் பாத்தீங்க, அந்தக் கொம்பு யாருன்னு சொல்லிடுறேன், உக்காருங்க."

அந்தக் கொம்பு யார் என்பது காலத்துக்குக் காலம் மாறும். ஒரு சமயம் அது ஏதோ ஒரு நாட்டுத் தளபதி. தளபதி பாரிசவாயு வந்து படுத்ததும் அது ஒரு வங்கி ஆனது. வங்கி மூழ்கியதும், சாமான் பொட்டலங்களின் முதுகில் அச்சடித்திருக்கும் கறுப்புக் கோடுகளுக்குள் புகுந்துகொண்டது. இப்போது கைபேசிக்குள் குடியிருக்கிறது. அதனால் அவர் கைபேசி வைத்துக்கொள்வதில்லை. "போன தடவ வேற சொன்னீங்களே" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால், கணக்கு தப்பிவிட்டது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். "இப்ப வெளிச்சம் கூடியிருக்கு" என்பார்.

இதோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு நாள் எக்காளம் தொனிக்கும், மெய்யான விசுவாசிகள் கண்மூடித் திறப்பதற்குள் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மிச்சமுள்ளவர்கள் பூமியில் நின்று மகா உபத்திரவத்தை அனுபவிப்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. அப்படி நம்புகிறவர்கள் எத்தனையோ பேர், தங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாகக் காத்திருக்கிறார்கள். நம்மவரால் சும்மா காத்திருக்க முடியவில்லை. யார் மேலே, யார் கீழே என்று ஆள்பிரிக்கும் வேலையையும் கடவுளுக்கு உதவியாகத் தாமே எடுத்துக்கொண்டார். சபைப் போதகர் மேலே. ஆனால் கடைசி வரிசையில். எதிர்வீட்டு இளம் தம்பதி கீழே. கோயில் பக்கமே வருவதில்லை. மனைவியின் தம்பி, மினி பஸ் ஓட்டுகிறவன், சந்தேகமே இல்லாமல் கீழே. வண்டியில் எந்நேரமும் சினிமாப் பாட்டு. ஞாயிறு ஆராதனைக்குக் கடைசிப் பாட்டுக்கு வந்து, முதல் ஆளாக வெளியேறுகிறவன். அவன் சாப்பிட வரும்போதெல்லாம் இவர் ஒரு பிரியாவிடைப் பார்வை பார்ப்பார்.

இவருக்கு ஒரு போட்டியாளரும் இருந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர். அவர் கட்சி வேறு: எடுத்துக்கொள்ளப்படுதல் உபத்திரவத்துக்குப் பிறகுதான், அதுவரை நல்லவர் கெட்டவர் எல்லாரும் சேர்ந்தே அடிபட வேண்டும் என்பது. முன்னாலா பின்னாலா என்று இந்த இருவரும் புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து வாதம் பிடித்தார்களானால், சபையார் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவார்கள்.

இப்படி இருக்கையில் இவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருக்கிறவர், தங்கமான பையன். மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை காலியாக இருந்தது. பெண்ணின் அப்பா போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பெண்ணின் அப்பா போகவில்லை.

"அதுக்குள்ள ஆண்டவர் வந்துடுவார். அப்புறம் மண்டபம் எதுக்கு?" என்றார், சாப்பிட்டுக்கொண்டே.

"வரட்டும், நல்லா வரட்டும். அதுவரைக்கும் மண்டபக்காரர் காத்திருப்பாரா?" என்றாள் மனைவி. "கடைக்கு மட்டும் புதுசு புதுசா சட்டம் வாங்கி அடுக்குறீங்களே, அதெல்லாம் யாரு மூக்குல மாட்டுறதுக்கு?"

"அது வியாபாரம்."

மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அதிகம் பேச மாட்டாள். அன்றைக்குப் பேசினாள். "அவர் வர்றதா இருந்தா என் கல்யாணத்துக்கே வரட்டும்ப்பா. முன்வரிசையில இடம் போட்டு வைக்கிறேன்."

அவர் இதைப் பரிகாசம் என்று எடுத்துக்கொண்டார். வேதத்தில் தானியேல் புத்தகத்திலிருந்து தொடங்கி விளக்க ஆரம்பித்தார். மிருகங்கள் ஒவ்வொன்றாகக் கடலிலிருந்து ஏறி வருவதற்குள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு, "சாப்பாடு ரெடி", "சரி" என்ற அளவில் நின்றுபோனது.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம். கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். வீடு மூன்றாம் மாடியில். படியேறும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. கீழ்த்தளத்தில் தையல் தைக்கும் அக்கா தங்கையின் மெஷின் சத்தம் இல்லை. கதவு மட்டும் திறந்திருக்கிறது. இரண்டாம் மாடியில் ரேடியோ பாடுகிறது, கேட்பதற்கு ஆள் இல்லை. எதிர்வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. அவருடைய வீட்டுக் கதவும் அப்படியே.

உள்ளே இஸ்திரிப்பெட்டி மேசைமேல் நிமிர்ந்து நின்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய சட்டை, ஒரு கை தேய்த்தது, மறு கை தேய்க்காதது. குளியலறைக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மனைவியின் செருப்பு வாசலிலேயே இருந்தது. கழுவும் தொட்டி விளிம்பில் அவளுடைய மூக்குக்கண்ணாடி. அவர் கையாலேயே வில்லை தேய்த்துப் போட்டுக் கொடுத்தது. அது இல்லாமல் அவளுக்குக் கரண்டிக்கும் கத்திக்கும் வித்தியாசம் தெரியாது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு, ஒரு பெண் எங்கே போவாள்?

கண்ணாடி தேவைப்படாத இடத்துக்கு.

சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயை மூடினார். இஸ்திரிப்பெட்டியை அணைத்தார். வீட்டுத் தொலைபேசியில் மனைவியின் எண்ணைச் சுழற்றினார். சமையலறைக்குள்ளிருந்து அவளுடைய கைபேசி பாடியது. அன்று விடுமுறை என்று வீட்டில் இருந்திருக்க வேண்டிய மகளுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. போதகருக்கு அடித்தார், அணைக்கப்பட்டிருந்தது. மத்தியானத் தூக்கத்துக்காகப் போதகர் போனை அணைத்துவைப்பவர் என்று சபைக்கே தெரியும். அந்த நேரத்தில் இவருக்கு அது நினைவுக்கு வரவில்லை.

சட்டென்று ஒரு யோசனை வந்தது. மச்சினனுக்கு அடித்துப் பார்க்கலாம். அவன் எடுத்துவிட்டான் என்றால்? அவன் எப்படியும் கீழேதான், அதனால் ஒன்றும் நிரூபணம் ஆகாதுதான். ஆனால் ஒரு துணையாவது கிடைக்கும். அடித்தார். மணி போனது. மறுபடி அடித்தார். அவனும் எடுக்கவில்லை.

அவனுமா?

உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரை அவர் நெஞ்சில் இருந்தது பயம். இப்போது வந்தது ஆத்திரம். சினிமாப் பாட்டுக்காரன் போயிருக்கிறான், எதிர்வீட்டுக்காரர்கள் போயிருக்கிறார்கள், இத்தனை வருஷம் ஊருக்கே வழிகாட்டியவன் பாதி தேய்த்த சட்டையோடு நிற்கிறான். இதில் என்ன நியாயம்?

கடைசியாகச் சர்வேயருக்கு அடித்தார். இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.

"சார், நீங்க இருக்கீங்களா?"

"போன எடுத்திருக்கேனே, அப்புறம் என்ன?"

அவருக்கு உயிர் வந்தது. உயிர் வந்த கையோடு வெற்றிக்களிப்பும் வந்தது. "சார், நான் சொன்னதுதான் சரி. உபத்திரவத்துக்கு முன்னாடியே எடுத்துட்டார். என் வீட்டுல ஒருத்தரும் இல்ல. பாஸ்டர் இல்ல. மாடி மொத்தமும் காலி. என் மச்சினன்கூட இல்ல சார்."



"நீங்க சொன்னது சரின்னா," என்றார் சர்வேயர், நிலத்துக்கு மூலைக்கல் நடுகிற நிதானத்தோடு, "நீங்க ஏன் இங்க இருக்கீங்க?"

"நீங்களும்தான இருக்கீங்க."

"நான் இருப்பேன்னுதான் எப்பவும் சொல்லிட்டு வர்றேன். என் கணக்குல எல்லாரும் இருக்கணும். தெருவுல இறங்கிப் பாருங்க, யாராவது இருப்பாங்க."

அவர் போனை வைத்தார். தெருவில் இறங்கவில்லை. இறங்கினால் யார் யார் மிச்சம் என்று தெரிந்துவிடும். அந்தக் கூட்டத்தில் தாமும் ஒருவர் என்றும் தெரிந்துவிடும். மனைவியின் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு இஸ்திரி மேசை ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். முக்குக் கடைக்குப் போவதென்றால்கூட, "போயிட்டு வர்றேங்க" என்று சொல்லாமல் படியிறங்காதவள். சொல்லாமல் போய்விட்டாள். மகளிடம் கடைசியாகப் பேசியது என்ன என்று யோசித்தார். "சரி" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் கடவுளுக்கே முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன் என்றாள். இவர் அவளுக்கு ஒரு மண்டபம் பேசிக் கொடுக்கவில்லை.

ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினார். "சீக்கிரம் வாரும்" என்று தினமும் மூன்று வேளை கேட்டுப் பழகிய வாய் அது. அன்றைக்கு அதிலிருந்து வந்தது வேறு: "ஆண்டவரே, கொஞ்சம் தள்ளிப்போடக் கூடாதா? அந்தப் புள்ள கல்யாணத்த மட்டும் பாத்துடுறேன்."

அப்போது தெருவிலிருந்து எழுந்தது ஒரு சத்தம். நீண்டு, கட்டிடத்தை அதிரவைக்கிற ஓர் ஊதல். அவர் உடம்பெல்லாம் சிலிர்த்து எழுந்து நின்றார். மறுபடியும் ஊதியது. இந்த முறை அது எந்த வண்டியின் ஹாரன் என்று தெரிந்தது. ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் மூன்று மாடியையும் இறங்கி ஓடினார்.

வாசலில் மச்சினனின் மினி பஸ். அதிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள்: தையல்கார அக்கா தங்கை, இரண்டாம் மாடிக்காரர்கள், மகள், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வழி தடவியபடி அவருடைய மனைவி.

"எதிர்வீட்டுப் பொண்ணுக்கு வலி கண்டுடுச்சுங்க," என்றாள் மனைவி, இவர் நின்ற திசைக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்து. "முகம் கழுவிட்டிருந்தேன், ஒரே கத்தல். நல்ல வேள, தம்பி சாப்பிட வந்தான். ஆளுக்கொரு கை பிடிச்சு வண்டியில ஏத்திட்டோம். ஆஸ்பத்திரி வாசல்லயே பொறந்துடுச்சு. பொண்ணு."

அவர் மச்சினனின் இரண்டு தோளையும் பிடித்தார். "நீ இருக்கியா?"

"நான் இல்லாம வண்டிய யாரு ஓட்டினாங்கன்னு நெனச்சீங்க, அத்தான்?"

அவர் அவன் தோளை விட்டார். மனைவியிடம் போய், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடியை அவள் மூக்கில் மாட்டிவிட்டார். காதுப்பக்கம் சரியாக உட்காரவில்லை.

"ஏங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"எங்க போனாலும் சொல்லிட்டுப் போ," என்றார்.

சாப்பிடாமலே மண்டபத்துக்குப் போனார். அந்தச் சனிக்கிழமை அதற்குள் கைமாறிவிட்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலைதான் மிச்சம். வீட்டுக்கு வந்து மகளிடம் தலைகுனிந்து சொன்னார். "செவ்வாய்னா பாதிப் பேர் வேலைக்குப் போயிடுவாங்கப்பா," என்றாள். பிறகு, "வர்றவங்க வரட்டும். நீங்க சாப்பிடுங்க" என்று தட்டு வைத்தாள்.

விஷயத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சர்வேயரைக் கெஞ்சிக் கேட்டிருந்தார். சர்வேயர் ஒப்புக்கொண்டு, புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், தம் கட்சிக்குச் சாட்சியாக, முழுவதையும் எடுத்துச் சொன்னார். சபை வயிறு வலிக்கச் சிரித்தது. போதகர் மட்டும் நெகிழ்ந்துபோய், "என் போன் அணைஞ்சிருந்ததும் நான் மேல போயிட்டேன்னு நம்புனீங்களே, அது போதும் பிரதர்" என்றார்.

அவர் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். துணிப்படம் அதே சுவரில்தான் தொங்குகிறது. கல்யாணத்தன்று, மிருகம் எதுவும் வரக்கூடாது என்ற மனைவியின் கட்டளைப்படி, நாலு வார்த்தையில் ஆசீர்வாதத்தை முடித்தார். பந்தி முடிந்து பார்த்தால், ஒரு மூலையில் அவரும் சர்வேயரும் கரண்டிகளைக் கொம்புகளாக வரிசை வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் மாறியது. யாரையாவது காட்டி, "இவர் மேலயா, கீழயா?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக மச்சினன் இப்போது வாரம் இரண்டு முறை சாப்பிட வருகிறான்.

நீங்கள் இந்த ரகம் இல்லை. வேதப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவராகக்கூட இருக்கலாம். ஆனால் உங்கள் பங்காளி கடை நொடித்தபோது, "பண்ணது சும்மா விடுமா" என்று சொன்னது யார்? பழைய மேலதிகாரி வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார் என்று கேட்டதும், ஐயோ என்பதற்கு முன்னால் மனசுக்குள் ஒரு கணக்கைச் சரிபார்த்தது யார்? போகட்டும். இதை வாசித்துக்கொண்டு வரும்போதே, "இது அப்படியே அவருக்குப் பொருந்துதே, அவருக்கு அனுப்பணும்" என்று ஒரு முகம் உங்கள் மனதில் வந்ததல்லவா? தாராளமாக அனுப்புங்கள். அவர் ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி.