லஸ்கர் பறிமுதல் செய்த சிவப்பு ரவிக்கை

தமிழ்நாட்டு அரசாங்கத்தில் எத்தனையோ பேர் வேலை பார்த்திருப்பார்கள். அவர்களில் என் ரவிக்கையைப் பறிமுதல் செய்த ஒரே ஊழியர் லஸ்கர்தான். இத்தனை வருடமாகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் பெயர் தெரியாது. ஆற்றங்கரையையும் மதகையும் காக்கிற பொதுப்பணித்துறை ஆளை அந்தப் பக்கத்தில் லஸ்கர் என்பார்கள். காக்கி அரை டிராயர், முண்டாசு, ஆளுயர மூங்கில் கழி. சித்திரை வெயிலில், சொட்டுத் தண்ணீர் இல்லாத காவிரியை அவர் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

நானும் கணவரும் திருச்சியில் பள்ளிக்கூட ஆசிரியர்கள். கோடை விடுமுறையில் ஆளுக்கொரு சைக்கிளில் கரையோடே பூம்புகார் வரை போய்வரக் கிளம்பினோம். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். முதல் நாள் திருக்காட்டுப்பள்ளி. இரண்டாம் நாள் நிம்மதியாக மிதித்துக் கும்பகோணம் சேர வேண்டும், வேறு வேலையே கிடையாது. மூன்றாம் நாள் குத்தாலத்தில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். அதற்கென்று ஒரு பட்டுப்புடவை, அதற்குத் தோதாக ஒரே ஒரு சிவப்பு ரவிக்கை. அதில் புளிசாத எண்ணெய் இறங்கிவிட்டதால் இரண்டாம் நாள் காலையில் அலசி, சைக்கிள் கைப்பிடியில் கட்டிக் காயப்போட்டிருந்தேன். காற்றுக்கு நன்றாகப் படபடத்தது.

"எறங்குங்க. கொடிய அவுருங்க" என்று குறுக்கே கழியை நீட்டினார் லஸ்கர்.

"அது கொடி இல்லீங்க..." என்று ஆரம்பித்த என் கணவர் வானத்தைப் பார்த்தார். ஆறு வகுப்புக்கு இலக்கணம் நடத்துகிற மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. "என் ரவிக்கை" என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று.

லஸ்கர் அசரவில்லை. "எதுவா இருந்தா என்னம்மா, செவப்பா இருக்குல்ல? போன வாரம் ஆளுங்கட்சி ஜீப்பு வந்துச்சு. கொடியக் கழட்டித்தான் அனுப்புனேன். கரை எந்தக் கட்சிக்கும் கிடையாது. டிபார்ட்மெண்டுது."

நான் அவிழ்க்கமாட்டேன் என்றேன். சரி, சைக்கிளையாவது ஓட்டாமல் உருட்டுங்கள் என்றார். காரணமும் சொன்னார். "சைக்கிள் போனா தடம் விழும். தடத்துல எலி வளை போடும். வளையில தண்ணி பூந்தா கரை போயிடும். கரை போனா என் வேலை போயிடும்."

"தண்ணி எங்கங்க இருக்கு?" என்றேன். ஆற்று மணலில் ஆடுகள் படுத்திருந்தன.

"வராமயா போயிடும்?"

மூன்று மைல் உருட்டினோம். நாங்கள் ஏறி மிதித்துவிடுவோமோ என்ற சந்தேகத்தில் கூடவே நடந்தார். என் கணவரோடு தனியாகப் பேசலாம் என்று வந்த பயணத்தில், எங்களுக்கு நடுவே இந்த மனிதர் எலியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

மதகடியில் எட்டுப் பேர் தடியோடு உட்கார்ந்திருந்தார்கள். மிராசுதாரின் ஆட்கள். கரையேறி வயலில் இறங்குகிற பாதை அது ஒன்றுதான். இந்தப் பக்கம் குத்தகைக்காரர்கள் ஏர் மாடுகளோடு காத்து நின்றார்கள். இரண்டு நாள் முன்பு கோடை மழை பெய்த ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. உழவிடாமல் செய்துவிட்டால் அடுத்து நிலத்தை விட்டே கிளப்பிவிடலாம் என்பது மிராசுதார் கணக்கு. அந்த நாளில் சிவப்புக் கொடி என்றால் குத்தகைக்காரர், கூலிக்காரர் பக்கம்.

"செவப்புக் கொடியோட வர்றது யாருடா?" என்று எட்டுப் பேரும் எழுந்தார்கள். அசட்டுப் பிடிவாதத்துக்கு அடி வாங்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்டது.

லஸ்கர் என்னைக் கேட்கவே இல்லை. கைப்பிடியிலிருந்து ரவிக்கையை அவிழ்த்தார். அதன் இரண்டு கையையும் சேர்த்துக் கழியின் நுனியில் முடிச்சுப் போட்டார். மதகோரம் கழியை ஊன்றினார்.

"அபாயக் கொடி. கரை உள்வாங்குது. யாரும் நிக்கக்கூடாது, எறங்குங்க."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"நேத்து நீங்க எட்டுப் பேரு உக்காரலியே. சர்க்கார் கொடிய மீறுனா கேசு, பாத்துக்குங்க."

முனகிக்கொண்டே தூரத்துப் புளியமரத்துக்குப் போனார்கள். உடனே ஏர்கள் கரையேறின.

"அவனுங்கள மட்டும் எப்படி விடுறே?" என்று மரத்தடியிலிருந்து சத்தம் வந்தது.

"போறது போகலாம். நிக்கத்தான் கூடாது."

"எல்லாம் சரிங்க, ரவிக்கையக் குடுங்க" என்றேன் மெதுவாக.

"எடுத்தா கரை சரியாயிடுச்சுன்னு ஆயிடும்மா. இஞ்சினீயர் வந்து பாக்கணும்."

"எப்ப வருவாரு?"

"தண்ணி தொறக்கறதுக்கு முன்னாடி வந்துடுவாரு."

கல்யாணத்தில் பட்டுப்புடவைக்கு நாத்தனாரின் பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டேன். அதில் என்னைப்போல இரண்டு பேர் புகலாம். போட்டோ இன்னும் இருக்கிறது. காட்டமாட்டேன்.

திரும்பி வருகையில் பூம்புகாரிலிருந்தே சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். லஸ்கருக்கு வைத்திருந்த பாதி வசவை வழியிலேயே என் கணவர் வாங்கிக்கொண்டார்.

மதகில் ரவிக்கை வெயிலில் வெளுத்துப் பறந்தது. அதன் கீழே லஸ்கர் குந்தியிருந்தார். கரைக்குக் கீழே அத்தனை வயலும் உழுது கிடந்தது. கடைசித் துண்டில் இரண்டு ஏர் ஓடிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து கழியைப் பிடித்தார். "அவுத்துத் தரட்டுமாம்மா?"

"இஞ்சினீயர் வரட்டுங்க" என்றேன்.

நான் அப்போதே சைக்கிளிலிருந்து இறங்கியிருந்தேன். அவர் சொல்லாமலே. அவருடைய எல்லை முடிகிற மைல்கல் வரைக்கும் உருட்டிக்கொண்டுதான் போனேன்.