நான் ஆதரித்துப் பேசிய குழாய்

தானாக நடக்கவிருக்கும் ஒரு நல்ல காரியத்தை வாயைத் திறந்து கெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இளம் வயதிலேயே கைவந்துவிட்டது. சந்தேகம் இருப்பவர்கள் ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் நகராட்சி போட்ட ஒரு தீர்மானத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். எந்தத் தெருவில் நின்றாலும் மலைக்கோட்டைப் பாறை தெரியும், எந்தத் தெருவில் நின்றாலும் தண்ணீர் மட்டும் தெரியாது. அவ்வளவு அடையாளம் போதும். அங்கே கடைவீதியில் நான் ஒரு சின்னப் பூட்டுக்கடை வைத்திருந்தேன். எங்கள் வார்டில் நிற்க வேண்டியவர் கடைசி நேரத்தில் ஒதுங்கிக்கொண்டதால் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். எதிர்த்து நிற்க யாருக்கும் தோன்றவில்லை. (ஜெயிச்சேன்னு சொல்றதைவிட, தப்பிக்க முடியலன்னு சொல்றதுதான் சரி.) ஆனால் நாடே என்னைக் கூப்பிட்டது என்றுதான் அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் குழாய் கிடையாது. பெண்கள் மூன்று தெரு தாண்டிப் போய்த் தண்ணீர் எடுத்து வருவார்கள். என் மனைவி செல்லம்மா தாடிக்கொம்புக்காரி. குடகனாற்றில் இறங்கிக் குடத்தை முக்கி எடுத்துப் பழகியவள், என்னைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து வரிசையில் நின்று அரைக் குடம் வாங்கக் கற்றுக்கொண்டாள். அப்போது எங்கள் மூத்த மகள் அவள் வயிற்றில் இருந்தாள்.

"எனக்கு நகை நட்டெல்லாம் வேணாம். நம்ம தெரு முக்குல ஒரு குழாயப் போடச் சொல்லுங்க. கவுன்சிலரு பொண்டாட்டியா இருந்து வேற என்ன கண்டேன்" என்றாள்.

மறுநாளே சேர்மனைப் பார்க்க அவருடைய அரிசி மில்லுக்குப் போனேன். பெரிய போராட்டம் நடத்த வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் தவிட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டே, "அதுக்கென்னப்பு, அடுத்த கூட்டத்துல வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

எங்கள் கவுன்சில் அப்படித்தான் நடந்தது. சண்டை, சமாதானம், விட்டுக்கொடுத்தல் எல்லாம் மில்லிலும் டீக்கடையிலும் முன்கூட்டியே முடிந்துவிடும். கூட்டத்தில் மானேஜர் தீர்மானப் பொருளைப் படிப்பார். சேர்மன் "ஆட்சேபணை உண்டா?" என்பார். யாரும் தலை தூக்க மாட்டார்கள். மேஜை மணியில் ஒரு தட்டு. தீர்மானம் நிறைவேறிவிட்டது. கடைசி மணிக்குப் பிறகு பக்கத்து அறையிலிருந்து போண்டாவும் காபியும் வரும். போண்டாவின் வாசனை மட்டும் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பொருளும் தாமதமானதாக நினைவில்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரே ஒரு குறைதான். என் குழாய் ஒரு மணித் தட்டில் வந்துவிட்டால் என் பேச்சு என்ன ஆவது? அது மேடைகளின் காலம். முச்சந்திக்கு முச்சந்தி கூட்டம் நடக்கும். ஆளுயர மாலைக்குப் பின்னால் நின்று அடுக்குமொழியில் பேசுகிறவர்களை நான் வாய் பிளந்து கேட்டுவிட்டு வந்து, கடையில் தொங்கும் பூட்டுகளிடம் பேசிப் பார்ப்பேன். குழாய்க்காக ஒரு பேச்சைத் தயார் செய்து மனப்பாடமும் பண்ணியிருந்தேன். கேட்பதற்கு ஆள் வேண்டுமே என்று செல்லம்மாவையும் தெருப் பெண்கள் சிலரையும் கூட்டத்துக்கு வரச் சொன்னேன்.

வந்தார்கள். ஆளுக்கொரு வெறுங்குடத்தோடு. பார்த்த உறுப்பினர்கள் ஏதோ ஆர்ப்பாட்டம் என்று மிரண்டுபோனார்கள். விஷயம் வேறு. நகராட்சிக் கட்டடத்து வாசலில் ஒரு குழாய் உண்டு. வந்தது வந்தோம், போகிறபோது பிடித்துக்கொண்டு போகலாமே என்று எடுத்து வந்திருந்தார்கள்.

தெரு விளக்குக்குப் பல்பு, மணி. சந்தைக் கூரைக்கு ஓடு, மணி. நாய் பிடிக்க ஆள், மணி. பிறகு மானேஜர் எங்கள் தெருவுக்குப் பொதுக்குழாய் என்று படித்தார். போண்டா வாசனை வந்துவிட்டது. சேர்மனின் கை மணிக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன்.

"தலைவர் அவர்களே, இத்தீர்மானத்தை ஆதரித்துச் சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன்."

சேர்மன் கை அந்தரத்தில் நின்றது. "தம்பி, யாரும் எதுக்கலையே. உக்காருங்க, முடிச்சிருவோம்."

"எதிர்ப்பு இல்லை என்பதால் ஆதரவு இல்லாமல் போய்விடலாமா?" என்று கேட்டேன். (இதையும் ஒத்திகை பார்த்துத்தான் வச்சிருந்தேன்.)

அதுவரை நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ராமையா கண்ணைத் திறந்தார். மேட்டுத் தெரு வார்டின் உறுப்பினர், புகையிலை வியாபாரி. எந்தப் பொருளையும் அவர் எதிர்த்ததில்லை, எதற்கும் விழித்திருந்ததும் இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "ஒரு குழாய்க்கு எதுக்கு இம்புட்டு ஆதரவு? உள்ள என்னமோ இருக்குப்பா" என்றார். அது ஹால் முழுக்கக் கேட்டது.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. "தாய்க்குலத்தின் இடுப்பிலே குடம், குடத்திலே வெற்றிடம்" என்று ஆரம்பித்துவிட்டேன். பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லம்மா மட்டும் ராமையாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனப்பாடம் செய்ததோடு நிறுத்தியிருந்தாலும் தப்பித்திருப்பேன். எல்லோரும் விழித்துக்கொண்டு கேட்கவே எனக்குத் தலைகால் புரியவில்லை. நகராட்சி பைப் ஃபிட்டர் என்னிடம் தனியாகச் சொன்ன ஒரு சேதியை எடுத்து விட்டேன்: "பெரிய குழாய் எங்கள் தெருவுக்கு அடியிலேதான் போகிறது. எங்கள் தெருவோ ஊரிலேயே பள்ளம். திறந்தால் போதும், ஊருக்கெல்லாம் நின்ற பிறகும் எங்களுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும்."

ஹாலில் ஒரு சத்தம் இல்லை. அதை மெய்சிலிர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ராமையா எழுந்தார். "அய்யா, உறுப்பினரு வாயாலயே சொல்லிட்டாரு. பள்ளத்துல இவரு தொறந்து விட்டா மேட்டுல எங்களுக்குக் காத்துதான் வரும். மொதல்ல எங்க மேட்டுத் தெரு முக்குல ஒரு குழாயப் போடுங்க. அது முடிஞ்சு பள்ளத்தப் பாப்போம்."

"சரிதானே?" என்றது ஒரு குரல். "ஆமா, சரிதான்" என்றன பல குரல்கள். பக்கத்து அறையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

அவர் பேசிய நேரமெல்லாம் நான் உட்காரவில்லை. எனக்கு முடிவுரை பாக்கி இருந்தது. அதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்ததில் அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. அவர் உட்கார்ந்ததும் தொடங்கினேன். அதே நேரத்தில் சேர்மனும் தொடங்கினார். "ராமையா சொன்ன திருத்தத்த ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்று அவர் சொல்லவும், "வானமே, நீயே சாட்சி" என்று நான் வலது கையை விட்டத்தை நோக்கி உயர்த்தவும் சரியாக இருந்தது.

மானேஜர் ஒரு சுற்று பார்த்தார். "ஏகமனதா நிறைவேறுது சார்."

மணி அடித்தது.

எனக்கு விஷயம் விளங்கியபோது கையில் போண்டா இருந்தது. சேர்மனிடம் ஓடினேன். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: "எதுத்து ஓட்டுப் போட்டிருந்தாலும் ஏதாவது பண்ணலாம். நீங்களே கையத் தூக்கிட்டீங்களே. ஊருக்கெல்லாம் பூட்டு விக்கிறீங்க, நமக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சுக்கக் கூடாதா தம்பி?"

வாசலில் பெண்கள் குடம் நிறைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டு அக்கா, "நல்லாப் பேசுனீங்க தம்பி. ஒண்ணும் வெளங்கல, ஆனா கேக்க நல்லா இருந்துச்சு. குழாய் எப்ப வரும்?" என்றார்.

"வராதுக்கா" என்றாள் செல்லம்மா. பிறகு என்னிடம் மெதுவாக, "செத்த நேரம் சும்மா இருந்திருந்தா வந்திருக்கும்ல?" என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. வயிற்றில் பிள்ளையோடு நிறைகுடத்தை இடுப்பில் தூக்கி வைக்கப் போனாள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, கவுன்சிலர் வேட்டி நனைய நனைய வீட்டுக்கு நடந்தேன்.

அதன் பிறகு தண்ணீர் என் வேலை ஆயிற்று. சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு தினமும் மேட்டுத் தெருக் குழாய்க்குப் போவேன். ராமையா வெற்றிலை போட்டபடி அங்கே நிற்பார். "வாங்க, வாங்க. உறுப்பினருக்கு வழி விடுங்கப்பா, அவரு கை தூக்கிக் கொண்டுவந்த குழாய்" என்பார். நிஜமாகவே வழியும் விடச் செய்வார், அதில் குறை சொல்ல முடியாது.

எங்கள் மகள் நடை பழகிய பிறகுதான் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது. அந்தத் தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மகளுக்கே பின்னால் கல்யாணம் பேச வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கம் சொன்ன எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். கூடம் நிறைய ஆட்கள், எல்லோரும் விழித்திருந்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது. செருமிக்கொண்டு எழுந்து, "இந்த நல்ல வேளையிலே" என்று வலது கையைத் தூக்கினேன்.

அடுப்படி வாசலில் நின்ற செல்லம்மா, கையிலிருந்த கரண்டியால் எவர்சில்வர் டம்ளரில் ஒரு தட்டு தட்டினாள். உட்கார்ந்துவிட்டேன்.

சம்பந்தி ஒன்றும் புரியாமல், "என்ன தங்கச்சி சத்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே, ஏகமனதா நிறைவேறிருச்சு" என்றாள். "போண்டா எடுத்துக்கங்க."