என் செந்தமிழும் பண்டாரியின் பருப்பும்

நல்லெண்ணத்தோடு நான் செய்த காரியங்களால்தான் பிறருக்கு அதிகம் கேடு விளைந்திருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு தொடங்கியவை பெரும்பாலும் என் சோம்பேறித்தனத்தால் பாதியில் நின்றுவிட்டன.

எழுபதுகளின் தொடக்கம். தமிழ் எம்.ஏ. பட்டத்தோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, திருவொற்றியூரில் மாமாவின் மளிகைக் கடை மாடியில் தங்கி, ராயபுரத்து வக்கீல் ஒருவரிடம் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். (எம்.ஏ. படித்தவனுக்கு இந்த வேலையா என்று மாமா கேட்டார். இந்த வேலைக்கு எம்.ஏ.வா என்று வக்கீல் கேட்டார்.)

ஒரு நாள் காலையில் மூன்று கப்பல்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய சரக்குக் கப்பலை நடுக்கடலில் ஐந்து பேர் துப்பாக்கியோடு ஏறிப் பிடித்துக்கொண்டார்கள். கேப்டனை அவர் அறையிலேயே பூட்டிவைத்தார்கள். நான்காம் நாள் மாலுமிகளே கப்பலை மீட்டுவிட்டார்கள். இதற்கு மாலை போடுவதை விட்டுவிட்டு, பண்டாரி அந்தோணியின் மேல் சந்தேகத்தைப் போட்டது கம்பெனி. பண்டாரி என்றால் கப்பல் சமையற்காரர். வந்தவர்களுக்கு நான்கு நாளும் சோறு போட்டவர் அவர்தானே, ஆகவே அவர்களுடைய ஆள் என்பது வாதம். அவருடைய கப்பல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது இல்லாமல் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது. ஐம்பதைத் தாண்டிய அந்தோணிக்குக் கரையில் வேறு பிழைப்பும் தெரியாது. விசாரணை அதிகாரியிடம் கொடுக்க மூவரின் வாக்குமூலத்தையும் எழுதிவைக்கச் சொல்லிவிட்டு வக்கீல் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

கப்பலை மீட்டது எப்போது என்று கேட்டேன். அந்தக் கேள்வியோடு என் தெளிவு முடிந்தது.

மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவரான சாரங்கு சூசை, பன்னிரண்டு-நாலு வாட்ச்சில் என்றார். வாட்ச் என்றால் கப்பலில் முறை வைத்துப் பார்க்கும் நாலு மணி நேர வேலை. எஞ்சின் அறை ஆயில்மேன் மஸ்தான், எஞ்சின் இரண்டாம் தடவை நின்ற பிறகு என்றார். அந்தோணி, சோறு வடித்ததற்குப் பின்னால், அப்பளம் பொரிப்பதற்கு முன்னால் என்றார். மூன்றும் ஒரே நேரம்தான் என்று மூவரும் சாதித்தார்கள்.

எத்தனை பேரைப் பிடித்தீர்கள் என்றேன். மேல்தளத்தில் இரண்டு பேரைக் கயிற்றால் கட்டியதாகச் சூசை சொன்னார். மூன்று பேர் என்றார் அந்தோணி. மஸ்தான் ஒருவரையும் பார்க்கவில்லை.

"நான் கீய இருந்தேன் சார். மேலேர்ந்து நிறுத்துன்னு மணி அடிச்சாங்க, நிறுத்தினேன். ரொம்ப நேரம் ஒரு மணியும் காணோம். அப்பால முழு வேகம்னு அடிச்சாங்க. சரி, கப்பல் நம்மளுதாயிட்ச்சுன்னு தெரிஞ்சுகினேன்."

நான் கூட்டிப் பார்த்தேன். ஒரு தடவை ஐந்து வந்தது, ஒரு தடவை ஏழு. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கப்பல்களிலிருந்து வந்திருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது.

அந்தோணி பொறுமையாக விளக்கினார். "நாலு நாளா உப்பில்லாத பருப்பும் சோறும் போட்டேன் சார். தாங்காம கறி கேட்டானுங்க. ஐஸ் ரூம்ல கீது, புட்ச்சத நீங்களே எட்த்துக்கோங்கன்னேன். மூணு பேர் உள்ள பூந்தானுங்க. கதவ சாத்திட்டு கரண்டியால தட்டினேன். சூசை ஆளுங்க மீதி ரெண்டு பேரை அமுக்கிட்டாங்க. அவ்ளோதான்."

இப்படி ஆளுக்கொன்று சொன்னால் கேஸ் தோற்றுவிடும் என்று பயந்தேன். மூவருக்கும் சேர்த்து ஒரே வாக்குமூலம் எழுதி, மூன்று பிரதி எடுத்தேன். நேரம்தான் இடித்தது. 'செங்கதிரோன் மேலைக்கடலில் மறையும் வேளை' என்று போட்டேன். பொதுவாக இருந்தது, அழகாகவும் இருந்தது. உப்பு விவகாரம் எனக்கு உறுத்தியது. ஒரு சமையற்காரர் தம் சமையலைத் தாமே தாழ்த்திச் சொல்வதா? அவர் மானத்தைக் காப்பாற்ற அதை அடித்துவிட்டு, 'வந்தோர்க்கு அறுசுவை உண்டி படைத்து முகமலர உபசரித்தேன்' என்று எழுதினேன். (தமிழர் பண்பாடும் விட்டுப்போகக் கூடாது அல்லவா.)

உரக்கப் படித்துக் காட்டினேன். சூசையும் அந்தோணியும் பூசையில் வருஷக்கணக்காக லத்தீன் கேட்டவர்கள். புரியாததைப் பயபக்தியோடு கேட்கத் தெரியும். மஸ்தானும் அவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விசாரணை அன்று, அதிகாரி மூன்று தாள்களையும் அருகருகே வைத்து ஒரு வரி மாறாமல் இருப்பதைப் பார்த்தார். பிறகு, செங்கதிரோன் மறைந்ததை நீர் பார்த்தீரா என்று மஸ்தானைக் கேட்டார்.

"எஞ்சின் ரூம்ல ஜன்னலே கெடையாது சார்."

அடுத்து அந்தோணியின் பக்கம் திரும்பி, அறுசுவை வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். இது உம் கையெழுத்துதானே என்றார். அந்தோணி அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. வக்கீல் தம் செருப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தார். நானும் அதையே ஆராய்ந்தேன்.

அப்போதுதான் சூசை எழுந்தார். நண்பனைக் காப்பாற்ற அல்ல, வயிற்றெரிச்சலில்.

"அறுசுவையா? இவன் கையிலயா? அந்த நாலு நாளும் நாங்களும் அதத்தான் துன்னோம் சார். உப்பு எங்கடான்னு கேட்டா கரண்டிய தூக்கினு வரான். நம்பலன்னா கேப்டன் இன்னா எய்தி வச்சிருக்காருன்னு பாருங்க."

அதிகாரி மேசையிலிருந்த கேப்டனின் குறிப்பேட்டைப் புரட்டினார். அறைக்குள் பூட்டப்பட்ட மனிதருக்கு எழுத வேறென்ன இருந்திருக்கும்? நான்கு நாளும் ஒரே குறிப்பு: இன்றும் உப்பில்லை.

அதிகாரி என் இலக்கியத்தை ஓரமாகத் தள்ளினார். ஒவ்வொருவரையும் அவரவர் கணக்கிலேயே சொல்லச் சொன்னார். வாட்ச், எஞ்சின், அப்பளம் மூன்றும் பகல் பன்னிரண்டரையில் வந்து சேர்ந்தன. எனக்கு மட்டும் அது ஏன் அன்று சேரவில்லை என்பது இன்றுவரை புரியவில்லை.

புத்தகம் அந்தோணி கைக்குத் திரும்பியது. அடுத்த கப்பலுக்குப் புறப்படுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். தட்டில் சோறும் பருப்பும். ஒரு வாய் வைத்ததும் கொள்ளைக்காரர்கள் ஐஸ் அறைக்குள் ஏன் அப்படிப் பாய்ந்தார்கள் என்று விளங்கிவிட்டது. உப்பைத் தேடிக் கண்ணை ஓட்டினேன்.

"முழுசா துன்னு நைனா," என்றார். "அப்பால எய்து."

சில வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு வந்தவர், பரிசோடு இந்தக் கதையையும் என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். பரிசு எதுவென்று மறந்துவிட்டது. இன்றும் ரசம் பிரமாதம் என்று நான் வாயைத் திறந்தால் போதும். அவள் ருசிகூடப் பார்ப்பதில்லை, உப்பு ஜாடியை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிடுகிறாள்.