மாப்பிள்ளை கோபப்படாதது பற்றி

சபைப் போதகராகவும் எனக்குத் தம்பியாகவும் இருக்கிற உனக்கு, அண்ணன் ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நானும் இங்கே மகள் வீட்டில் சுகம்தான். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையை வாசலோடு அனுப்பினேன், கல்யாணத்துக்கும் போகவில்லை, எல்லாம் உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட என்னை முட்டிவலிக்கு வைத்தியம் பார்க்கக் கூட்டிவந்து, தங்கள் கட்டிலையே கொடுத்துவிட்டு இருவரும் தரையில் படுக்கிறார்கள் என்றால் எப்படி நம்புவது? கிருபைக்கு முடிவே இல்லை என்று சங்கீதத்தில் வரிக்கு வரி சபையைச் சொல்ல வைப்பாயே, அதையெல்லாம் நாற்காலித் தொழிற்சாலையில் தரம் பார்த்தவனிடம் சொல்லாதே. எந்த நாற்காலியும் ஏதோ ஒரு எடையில் முறியும். முறிகிறவரை பாரம் ஏற்றிப் பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

ஆகவே மாப்பிள்ளை மேலும் பாரம் ஏற்றிப் பார்த்தேன். காபி ஆறிவிட்டது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினேன்; மூன்று தடவையும் சுடவைத்துக் கொண்டுவந்தார். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து வீட்டில் குளித்துவிட்டு வந்து, "மெதுவா வாங்க மாமா" என்கிறார். வனாந்தரத்தில் முணுமுணுத்துக்கொண்டே நடந்த ஜனங்களுக்குத் தினமும் வானத்திலிருந்து மன்னா என்ற அப்பம் இறங்கியது என்று நீ உருகுவாய். நானாக இருந்தால் இரண்டாம் நாளே நிறுத்தியிருப்பேன். நேத்து அவரோட காலஞ்சென்ற அப்பாவின் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறேன்னு கழற்றினேன், சத்தியமா சோதனைக்கு இல்லடா, கை வழுக்கிப் போட்டு உடைச்சுட்டேன். மனுஷன் முகம் கறுத்துப்போச்சு. விறுவிறுன்னு உள்ளே போனார். சரி, என் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கப்போறார்னு நான் செருப்பைத் தேட ஆரம்பிச்சேன். பஞ்சும் மருந்துமா வந்து, "கையைக் காட்டுங்க மாமா, கண்ணாடி கிழிச்சிருக்கு"ன்னார். எனக்குப் பயமாயிடுச்சு. இவ்வளவு தாங்குறது முறிஞ்சா சாதாரணமா முறியாது. அவங்களா விரட்டுறதுக்கு முன்னாடி நான் கிளம்பிடணும். சனிக்கிழமை வண்டி எடுத்துக்கிட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு.

கர்த்தர் உன் குடும்பத்தையும் சபையையும் காப்பாராக. உன் பிரசங்கத்தையும் கொஞ்சம் சுருக்குவாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: சனிக்கிழமை வராதே. கட்டிவைத்த பெட்டியை மகள் பார்த்துவிட்டாள். "இவ்வளவு பண்ணியும் ஏம்மா என்னை வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாள். "கோபம் வராமலா இருக்கு? ஏதாவது சொன்னா நீங்க போயிடுவீங்கன்னு நாங்க ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கோம்ப்பா" என்றாள். மாப்பிள்ளைக்கும் கோபம் வருகிறதாம்! அதைக் கேட்டபிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது; நானும் அழுதுவிட்டேன். உன் வீட்டில் கிடக்கிற என் மற்றத் துணிகளையும் கம்பளியையும் பார்சலில் போட்டுவிடு.