சீஸ் பலகை வெற்றி குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் உங்கள் மகளும் வீட்டிலுள்ள எல்லா மின்சாதனங்களும் நல்ல நிலையில் இருக்கிறோம். உங்கள் மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறான். அங்கே நீங்களும் சம்பந்தி அம்மாளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயம் பெரியது.

போன முறை நீங்கள் வந்து தங்கியபோது குளியலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்திவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் குழாயைத் திறந்தாலும் உங்கள் மகள் "எங்க அப்பா சரி பண்ணது" என்கிறாள், உங்கள் பேர்தான் அடிபடுகிறது. நான் குறை சொல்லவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்தவர் குழாயைத் தொட்டதே பெரிய காரியம். ஆனால் ஆயுள் முழுக்க ஃபிரிட்ஜ் பழுது பார்த்தவன், ஊரில் பாதி வீட்டுப் பாலைக் கெடாமல் காப்பாற்றியவன், மகன் வீட்டுக்குக் குடிவந்த நாளாக என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? "மாமா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று உங்கள் மகள் சொல்லச் சொல்ல உட்கார்ந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து சோபா என் உருவத்துக்கே வந்துவிட்டது. இந்த வீட்டில் ஒரு காரியத்துக்காவது என் பேர் விளங்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்காதா, சொல்லுங்கள்.

இந்த நிலையில்தான் சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் மகளின் மேலாளரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. மேலாளருக்குச் சீஸ் என்றால் உயிராம். அதனால் விதவிதமான சீஸை ஒரு மரப்பலகையில் அடுக்கி, பக்கத்தில் திராட்சை, பிஸ்கட், வால்நட், தேன் என்று வைப்பதாக முடிவு. காலையிலேயே உங்கள் மகளுக்கு அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு. செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, ஒரே ஒரு உதவி. அந்தச் சீஸ அடுக்கி வைக்கணும், செய்வீங்களா?" என்றாள். சம்பந்தி, நான் சோபாவை விட்டு எழுந்தேவிட்டேன். "நான் இருக்கேன், நீ தைரியமா போம்மா" என்றேன். கதவு வரைக்கும் போனவள் திரும்பி, "வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெளிய வச்சிருங்க. ஜில்லுனு இருந்தா ருசியே தெரியாது" என்றாளே பார்க்கலாம்.

"ஒரு நிமிஷம்கூட வெளிய வைக்காதீங்க" என்று வீடு வீடாகப் போய் அதட்டியவன், என் கையாலேயே பால் பண்டத்தை எடுத்து மேசைமேல் வைத்து வேடிக்கை பார்ப்பதா? சீஸை எடுத்தேன். மனசு கேட்கவில்லை, உள்ளே வைத்தேன். உங்கள் மகள் முகம் நினைவுக்கு வந்தது, மறுபடி எடுத்தேன். "அந்தக் கதவு கையோட வந்துரப் போகுது. ஒண்ணு உள்ள வைங்க, இல்ல வெளிய வைங்க" என்றாள் என் மனைவி. அவளுக்குத் தெரிந்தது இரண்டு வழி. தொழில் தெரிந்தவனுக்கு மூன்றாவது வழி தெரியும். சீஸைக் குளிரைவிட்டு வெளியே எடுப்பானேன்? பெட்டியின் குளிரையே கொஞ்சம் குறைத்துவிட்டால் ஆயிற்று. என் பழைய திருப்புளியைத் தேடி எடுத்து, மூடியைக் கழற்றி, குளிரைக் கட்டுப்படுத்துகிற திருகை ஒரு திருப்பு திருப்பினேன். பெட்டி ஒரு முனகல் முனகி அடங்கியது. பிற்பகலில் உள்ளே கையை விட்டால் பூங்காவில் நடப்பது போல் இதமாக இருந்தது.

அடுத்தது அடுக்கும் வேலை. மாதிரிக்கு என்று உங்கள் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதில் சீஸும் பழமும் காலை நேரத்துப் பேருந்து மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஃபிரிட்ஜுக்குள் பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே காற்று போக இடம் விடாதவனை நான் ஆள் என்றே மதிப்பதில்லை. அதனால் மஞ்சள் கட்டியை ஒரு மூலையில், வெள்ளை மெத்தையை எதிர் மூலையில், நீலம் பூத்து வாசனையால் ஊரைக் கூட்டுகிற மூன்றாவதைத் தனிக்குடித்தனமாக ஓரத்தில் வைத்தேன். திரும்பி வந்த உங்கள் மகள், "என்ன மாமா, இவ்ளோ காலி இடம்?" என்றாள். "காத்து போகணும்மா" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அழைப்புமணி அடித்துவிட்டது.

மேலாளர் ஒரு துண்டு எடுத்தார், கண்ணை மூடினார். "இவ்ளோ பதமா நான் எங்கயும் சாப்பிட்டதில்லீங்க. ஒண்ணோட வாசனை இன்னொண்ணுல ஏறவே இல்லையே! யாரு அடுக்கினது?" என்றார். "எங்க மாமா" என்றாள் உங்கள் மகள். அந்த இரண்டு சொல்லுக்கு நான் இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சோபாவில் உட்காருவேன். கடைசியில் தருவதற்கென்று வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே அலையடித்தது, உண்மைதான். உங்கள் மகள் முகம் வெளுத்துவிட்டது. நான் அசரவில்லை. கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி, மேலே வால்நட்டைத் தூவிக் கொடுத்தேன். மேலாளரின் மனைவி இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆகவே சம்பந்தி, அடுத்த முறை வரும்போது நீங்கள் எதையும் பழுது பார்க்க வேண்டாம். சோபா உங்களுக்காகத் தயாராக இருக்கிறது. இயந்திர விஷயங்களை, அவை தெரிந்தவனிடமே விட்டுவிடுங்கள். சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். வீட்டுச் சிறியவர்களுக்கு, தொட்டதெல்லாம் துலங்க என் ஆசி.

இப்படிக்கு,
பெருமையுடன்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சின்ன விஷயம். நான் திருப்பிய திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் போனேன், அது என் கையோடு வந்துவிட்டது. பால் திரிந்து, காய்கறி வாடி, பெட்டி இப்போது வெறும் அலமாரியாக நிற்கிறது. வேறு வழியில்லாமல் உங்கள் மகள் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் திறந்து பார்த்துவிட்டு, "யாரோ தொழில் தெரியாத ஆளு கைய வச்சிருக்காங்க" என்று சிரித்தார். எனக்கு நாக்கு புரண்டுவிட்டது. "எங்க சம்பந்திதாங்க. வாத்தியாரா இருந்தவரு, சொன்னா கேக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும். உங்கள் மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெக்கானிக்கிடம், "ஆமாங்க, எங்க அப்பாவுக்குக் கை சும்மாவே இருக்காது" என்றாள். சம்பந்தி, தங்கமான பெண்ணை வளர்த்திருக்கிறீர்கள்.