பட்டுச்சேலை கட்டிய மக்காச்சோளம்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், என் மனைவி செல்வியின் சேலைகளில் எது பழசு, எது புதுசு என்று எனக்குத் தெரியாது. (எந்த ஆம்பளைக்குத் தெரியும், சொல்லுங்க?) அதுதான் என்னைக் கவிழ்த்தது.

வெம்பக்கோட்டைப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவனுக்கு மழை இரங்கினால் போதாது, காட்டுப்பன்றியும் இரங்க வேண்டும். கதிர் பால் பிடித்ததும் ஓடைப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்துவிடும். வெடி போட்டு விரட்டலாமே என்பீர்கள். போட்டேன். எங்கள் ஊர்ப் பன்றிகள் பட்டாசு கம்பெனிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவை. தினமும் வெடித்துப் பார்க்கிற சத்தத்தில் தாய்ப்பால் குடித்தவை. என் சரவெடி முடியும்வரை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. சனியன்கள்!

மிச்சமிருந்த வழி, வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது. கலர் கலராக ஆடினால் ஆள் நிற்பதாகப் பன்றி மிரளுமாம். வாசலில் இரண்டு மூட்டை இருந்தன. ஒன்று, பாத்திரக்காரரிடம் போட்டுக் குடம் வாங்க வைத்திருந்த பழைய சேலைகள். இன்னொன்று டிரை வாஷுக்கு. நான் எதைத் தூக்கினேன் என்று சொல்லவும் வேண்டுமா? "பழசே இம்புட்டுப் பளபளப்பா இருக்கே!" என்று மகிழ்ந்துபோய், வேலிக்கருவை முள்கம்புகளை நட்டு இழுத்துக் கட்டினேன்.

மறுநாள் காலை, கம்பெனி வேனில் போன பெண்கள் செல்விக்குப் போன் அடித்துவிட்டார்கள். ஓடி வந்தாள். நாலு நாளில் அவள் தம்பி கல்யாணம். அதற்குக் கட்டவிருந்த எங்கள் கல்யாணப் பட்டு, ஓடைப் பக்கம் முள்ளில் கிழிந்து தொங்கியது.

"என்னங்க இது? என் கல்யாணச் சேலையப் போய் முள்ளுல கட்டியிருக்கீக!"

"இந்தப் பக்கம் மட்டும் பன்னி வரல, செல்வி..."

"உங்களக் கட்டி வச்சிருக்கணும்!" என்றவள் அழுதுவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆனால் நான் சொன்னது நிஜம். மற்ற மூன்று பக்கமும் சேலையைத் தாண்டிப் பன்றி புகுந்து துவம்சம் செய்திருந்தது. அந்தக் கல்யாணப் பட்டு கட்டிய பக்கம் ஒரு கதிர்கூடச் சாயவில்லை. அதை இன்னொரு முறை எடுத்துச் சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இல்லை.

கிழிசலைத் தைத்து, அதையே கட்டிக்கொண்டுதான் கல்யாணத்துக்கு வந்தாள். பந்தியில் நான் மூன்றாவது தடவையாகப் பாயசத்துக்கு டம்ளரை நீட்டினேன். (எனக்குச் சர்க்கரை உண்டு.) செல்வி எதிரில் வந்து நின்றாள். நீட்டிய கை தானாக மடங்கியது.

"பாத்தீகளா! சேலையப் பாத்ததும் மச்சானும் அப்படியே நின்னுட்டாரு!" என்று கத்தினான் பக்கத்து இலையில் இருந்த புதுமாப்பிள்ளை. பந்தியே சிரித்தது.

இன்றுவரை எந்த விசேஷம் என்றாலும் செல்வி அந்தச் சேலையைத்தான் கட்டுகிறாள். நானும் இதுவரை தாண்டியதில்லை.